மூடிய காயம் ஆறுவதில்லை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நன்றி வழிபாட்டை அடுத்து நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



இந்த மண்டபத்தில் பின்வரிசையில் இருந்து பேச்சுக் கேட்டுப் பழகிய எமக்கு, மேடையில் நின்று பேசுவது இன்றும் கூச்சமாகவே இருக்கிறது. கல்லூரியின் பெருமைகளைச் சொல்ல எம்மிலும் மூத்தவர்கள், தகுதி உடையவர்கள் இங்கே இருக்கிறார்கள். எமக்குத் தரப்பட்ட தலைப்பு வேறு. மனம் நொந்த வேளையில் எமது விசுவாசம் எமக்கு எப்படி அமைதி தருகிறது என்பதை, ஒரு வைத்தியராகவும் இக்கல்லூரியின் பிள்ளையாகவும் நின்று பேசும்படி கேட்டார்கள். தன்னை முன்னே வைக்காமல் "நாங்கள்" என்று பேசவே இக்கல்லூரி எம்மைப் பழக்கியது. ஆகவே எமது சொந்தக் கதையையும் "நாம்" என்றே சொல்கிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே சைவ சமயத்தைச் சேர்ந்த சகோதரிகள் பலர் இருக்கிறீர்கள். காலைப் பிரார்த்தனையில் எங்களுக்குப் பக்கத்தில் நின்ற நீங்கள், எங்களுக்குத் தெரிந்த வேதாகமக் கதைகளை எங்களைவிட நன்றாகவே ஞாபகம் வைத்திருப்பீர்கள். நாம் அறிந்த வழியிலிருந்துதான் நாம் பேச முடியும். ஆனால் மனம் நோவது எல்லோருக்கும் பொதுவானது.

வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் இருந்தே தொடங்குவோம். எம்மிடம் வரும் பெண்களில் பலர் மனம் நோகிறது என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலையிடி, நெஞ்சு இறுக்கம், நாரி நோவு, வயிற்றெரிவு, நித்திரை இல்லை என்றுதான் வருகிறார்கள். இரத்தம் சோதிக்கிறோம், ஈசீஜீ எடுக்கிறோம், ஸ்கான் செய்கிறோம். முடிவுகள் எல்லாம் சரியாக இருக்கும். "ஒன்றும் இல்லை அம்மா" என்று சொன்னால் அவர்களின் முகம் தெளிவதில்லை, இன்னும் வாடிப்போகிறது. ஏனென்றால் நோவு உண்மையானது. கதவை மெல்லச் சாத்திவிட்டு, "வீட்டில் என்ன பாடு?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். சிலர் பத்து வருடம் அடக்கி வைத்த கண்ணீரை அந்தக் கதிரையில் இருந்தே விடுவார்கள்.

காயங்களைப் பற்றி வைத்தியம் எமக்கு இரண்டு பாடங்களைக் கற்றுத் தந்தது. நீரிழிவு நோயாளர் ஒருவரின் உள்ளங்காலில் ஆணி ஏறியிருக்கும், அவருக்குத் தெரியாது. நரம்புகள் மரத்துப்போனதால் நோவு இல்லை. நோவில்லாத அந்தக் காயமே காலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய் விடுகிறது. இது முதற்பாடம். அடுத்தது, சீழ் கட்டிய காயத்தை நாம் தைத்து மூடுவதில்லை. கீறித் திறந்து, சீழை வெளியே விட்டு, நாளாந்தம் மருந்து கட்டி, அடியிலிருந்து மேலாக ஆறவிடுகிறோம். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று மேல்தோலை அவசரப்பட்டு மூடினால் உள்ளே சீழ் மறுபடி சேரும்.

உடம்புக் காயத்தில் இதைச் செய்யத் தெரிந்த நாம், எமது மனக்காயத்தில் இருபத்தைந்து வருடங்களாக இதற்கு நேர்மாறாகவே செய்தோம். அந்தக் கதையைச் சொல்கிறோம். அதில் வரும் எமது தோழியின் சம்மதத்தோடேயே சொல்கிறோம்.

1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் 30ஆம் திகதி இரவை, வலிகாமத்தில் இருந்த எவரும் மறக்கமாட்டார்கள். எமக்கு அப்போது பதினாறு வயது. எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மழை. செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் இலட்சக்கணக்கான சனம் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தது. எமது வீட்டில் அம்மம்மா நடக்கமாட்டாதவர். எம்மிடம் இருந்தவை இரண்டு சைக்கிள்கள்.

ஆறாம் வகுப்பில் இருந்து எம்மோடு ஒரே வாங்கில் இருந்த தோழி ஒருத்தியின் வீடு அடுத்த ஒழுங்கையில் இருந்தது. அவர்களிடம் ரக்ரர் இருந்தது. நாம் மழைக்குள் ஓடிப்போய்ப் படலையில் நின்று, அம்மம்மாவை மட்டும் ஏற்றிக்கொள்ளும்படி கேட்டோம். பெட்டியில் இடம் இல்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள. பெட்டியின் ஒரு மூலையில் ஓர் ஆள் இருக்கக்கூடிய இடம் இருந்தது. தோழி எம்மைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா சைக்கிள் கரியரில் சாக்கை மடித்து வைத்து, அம்மம்மாவை இருத்தி, விடியும்வரை உருட்டிக்கொண்டு போனார். அண்ணா பின்னால் பிடித்துக்கொண்டு வந்தார். கைதடியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்தபோது அம்மம்மாவுக்குக் காய்ச்சல் தொடங்கிவிட்டது. பதினாறாம் நாள் சாவகச்சேரியில் அவர் இறந்துபோனார். எமக்குத் தெரியாத ஒரு சேமக்காலையில் அவரை அடக்கம் செய்தோம். அந்த மழையில் நனையாமல் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று இன்று வைத்தியராக இருந்தும் எமக்குச் சொல்லத் தெரியாது. அன்று எமக்கு அதில் எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

நாம் ஒரு கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர்கள். மன்னிக்க வேண்டும் என்பது எமக்குத் தெரிந்திருந்தது. அடக்க ஆராதனை முடிந்த கையோடு ஒரு பெரியவர் எமது தலையில் கை வைத்து, எல்லாரையும் மன்னித்துவிடு பிள்ளை என்றார். நாமும் தலையாட்டினோம். "மன்னித்துவிட்டோம்" என்று சொன்னோம். மேல்தோலைத் தைத்து மூடியது அந்த நாள்தான்.

தோழியின் குடும்பம் வெளிநாடு போய்விட்டது. அவளிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. ஒன்றுக்கும் நாம் பதில் போடவில்லை. கோபமில்லை, நேரம்தான் இல்லை என்று எமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். உயர்தரம் எழுதினோம், மருத்துவ பீடம் போனோம், திருமணம் செய்தோம், பிள்ளைகளைப் பெற்றோம். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனோம். ஆனால் ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழை தொடங்கியதும் எமக்கு வயிற்றெரிவு வரும்; நித்திரை போய்விடும். எண்டொஸ்கொப்பி செய்தார்கள். ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. எமது நோயாளர் இருக்கும் கதிரையில் நாமே போய் இருந்தோம்.

அந்த நாட்களில், எமக்கு ஒருகாலம் சமய பாடம் படிப்பித்த ஆசிரியை ஒருவரைப் பார்க்கப் போயிருந்தோம். கதையோடு கதையாக எல்லாவற்றையும் சொன்னோம். அவர் புத்திமதி சொல்லவில்லை. "அன்னாளை ஒருக்கால் திரும்ப வாசித்துப் பாரும்" என்று மட்டும் சொன்னார்.

சாமுவேலின் முதலாம் புத்தகம், முதலாம் அதிகாரம். நாம் எல்லோரும் பள்ளியில் படித்த கதைதான். எல்க்கானாவுக்கு இரண்டு மனைவியர். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் உண்டு, அன்னாளுக்கு இல்லை. சீலோவுக்கு வழிபாட்டுக்குப் போகும் ஒவ்வொரு வருடமும் பெனின்னாள் அன்னாளைக் குத்திக் குத்திப் பேசுவாள். அன்னாள் அழுவாள், சாப்பாடு இறங்காது. கணவன் நல்லவன்தான். ஆனால் பத்துப் பிள்ளைகளைவிடத் தான் மேல் இல்லையா என்று கேட்டு அவள் துக்கத்தை ஆற்றப் பார்க்கிறான். அன்போடு சொன்ன அந்த வார்த்தையிலும் அவளது நோவுக்கு இடம் இல்லை.

அன்னாள் எழுந்து ஆலயத்துக்குப் போனாள். உதடு அசைய, சத்தமில்லாமல், மனங்கசந்து அழுது மன்றாடினாள். அங்கே இருந்த ஆசாரியன் ஏலி அதைப் பார்த்து, அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டித்தான். மனம் நொந்து ஆலயத்துக்குப் போன பெண்ணை அங்கேயும் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். எமது சபைகளில் இது இன்றும் நடப்பதுதான். அன்னாள் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை. பணிந்து பேசாமலும் இருந்துவிடவில்லை. தான் குடிக்கவில்லை என்றும், மிகுந்த துயரத்தினால் தன் உள்ளத்தைக் கடவுள் முன் கொட்டிக்கொண்டிருப்பதாகவும் மரியாதையோடு விளங்கப்படுத்தினாள். ஏலியும் தன் பிழையை உணர்ந்து அவளை வாழ்த்தி அனுப்பினான்.

இதற்குப் பிறகு வரும் ஒரு சிறிய விவரத்தைப் பாடசாலையில் நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோம். அன்னாள் போய்ச் சாப்பிட்டாள். முகத்தில் இருந்த வாட்டம் நீங்கிற்று. சாமுவேல் பிறந்தபிறகு நடந்ததல்ல இது. அப்போது அவள் கருவுற்றிருக்கவும் இல்லை. பெனின்னாள் மாறவில்லை, வீடும் மாறவில்லை. ஒன்றும் மாறாமல் இருக்கும்போதே அவளுக்குச் சாப்பாடு இறங்கியது. ஏனென்றால் உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது. அதைக் கேட்க ஒருவர் இருந்தார்.

அன்றிரவு நாம் அன்னாள் செய்ததைச் செய்தோம். அழகான ஜெபம் ஒன்றும் அல்ல அது. இருபத்தைந்து வருடமாக, மன்னித்துவிட்டோம் என்று கடவுளுக்கு அறிவித்துக்கொண்டிருந்த நாம், மன்னிக்கவில்லை என்று முதன்முறையாக அவரிடம் சொன்னோம். இடம் இருந்ததே என்று சொன்னோம். அவள் ஏன் முகத்தைத் திருப்பினாள் என்று கேட்டோம். நீர் எங்கே இருந்தீர் என்று அவரையும் கேட்டோம். சங்கீதங்களில் பெரும் பகுதி இப்படிப்பட்ட முறைப்பாடுகள்தான். 55ஆம் சங்கீதம், எதிரி செய்ததையல்ல, கூடித் திரிந்த நண்பன் செய்ததையே தாங்க முடியவில்லை என்று அழுகிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதல் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அவற்றை வேதாகமத்தில் இருந்து எவரும் நீக்கவில்லை. அப்படி எம்மிடம் பேசலாம் என்று கடவுளே அனுமதி தந்திருப்பதாகத்தான் அதை நாம் இப்போது விளங்கிக்கொள்கிறோம்.

அமைதி ஒரே இரவில் வரவில்லை. மருந்து கட்டுவதுபோல நாளாந்தம் அதையே செய்ய வேண்டியிருந்தது. சில நாட்களில் முன்னிலும் கூடுதலாக நொந்தது. மரத்த இடத்தில் உணர்ச்சி திரும்பும்போது அப்படித்தான் நோகும். ஆனால் காயம் திறந்ததும், அதற்குள் எமது பங்கும் கிடந்ததைக் கண்டோம். பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி, பெரியவர்களுக்குப் பயந்து முகத்தைத் திருப்பினாள். அது ஒரு நிமிடம். மூன்று கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு நாம் முகத்தைத் திருப்பியதோ வருடக்கணக்கு. அவள் கணக்கை மட்டும் எழுதி வைத்திருந்த நாம் எமது கணக்கை எழுதவே இல்லை.

அடுத்த ஐப்பசியில் மழை வந்தது. வயிறு எரியவில்லை என்று சொன்னால் அது பொய், எரிந்தது. ஆனால் நித்திரை வந்தது. அதன் பிறகுதான் அவளுக்கு நாம் எழுதினோம்.

அவள் விடுமுறையில் வந்தபோது எமது வீட்டு விறாந்தையில் இருந்து கதைத்தோம். அவள் சாட்டுச் சொல்லவில்லை. "பெட்டியில் இடம் இருந்தது. எனக்குத் தெரியும். அப்பாவுக்குப் பயத்தில் பேசாமல் இருந்துவிட்டேன்" என்றாள். அதெல்லாம் பழைய கதை, விடு என்று சொல்ல எமது வாய் உன்னியது. எமது பண்பாட்டில் அதுதான் பெருந்தன்மை. ஆனால் அன்னாள் ஏலிக்குச் சொன்னதுபோல உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "இடம் இருந்தது எங்களுக்கும் தெரியும். அது எங்களை நல்லாய் நோகடித்தது. இப்போது உன்னை மன்னிக்கிறோம். உன்னுடைய கடிதங்களுக்குப் பதில் போடாததற்கு எங்களையும் நீ மன்னிக்க வேண்டும்" என்றோம். நோகவில்லை என்று சொல்லியிருந்தால் அங்கே மன்னிப்பதற்கு ஒன்றும் இருந்திராது. அவளும் தான் சுமந்து வந்ததை எங்கும் இறக்கி வைத்திருக்க முடியாது.

மறுநாள் இருவரும் சாவகச்சேரிக்குப் போனோம். 2000ஆம் ஆண்டுப் போரில் அந்த நகரமே சிதைந்துபோனது. அம்மம்மாவின் மரச்சிலுவை இல்லை. உத்தேசமாக ஓர் இடத்தில் நின்று ஜெபித்தோம். வீடு திரும்பும் வழியில் அவள் நாவற்குழியில் வாகனத்தை நிறுத்தச் சொல்லி, இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தாள். நாமும் கூட நடந்தோம்.

சகோதரிகளே, இந்தக் கதையை எல்லோருக்கும் மருந்தாக எழுதித் தர எமக்கு மனமில்லை. ஆகவே வைத்தியராக மூன்று விடயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, மன்னிப்பது வேறு, அடிவாங்க மறுபடி போய் நிற்பது வேறு. முகத்தில் கண்டலோடு வந்து, வழுக்கி விழுந்ததாகச் சொல்லும் பெண்களை நாம் காண்கிறோம். அவர்களில் சிலரிடம், மன்னித்துப் பொறுத்துப் போ என்று கோயிலிலேயே சொல்லியிருக்கிறார்கள். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில்தான், எத்தனை தரம் மன்னிப்பது என்று பேதுரு இயேசுவிடம் கேட்கிறான். அதே அதிகாரத்தில், குற்றம் செய்தவனிடம் போய் அதை எடுத்துச் சொல், கேளாவிட்டால் சாட்சிகளோடு போ என்றும் இயேசு கற்பிக்கிறார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். இலங்கையில் வீட்டு வன்முறையைத் தடுக்க 2005ஆம் ஆண்டில் சட்டம் வந்திருக்கிறது. நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அரச வைத்தியசாலைகள் பலவற்றில் இதற்கென்றே உதவி நிலையங்கள் இருக்கின்றன. அவற்றை நாடுவது விசுவாசக் குறைவு அல்ல.

இரண்டாவது, மனச்சோர்வு ஒரு நோய். கூடுதலாக ஜெபித்தால் சரியாகிவிடும் என்று சொல்லி வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். முதலாம் இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் எலியா ஒரு சூரைச்செடியின் கீழ் இருந்து, சாக வேண்டும் என்று கேட்கிறான். கடவுள் அவனுக்கு அப்போது பிரசங்கம் செய்யவில்லை. நித்திரை கொள்ள விட்டார். அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி நித்திரை கொள்ள விட்டார். மறுபடி சாப்பாடு கொடுத்தார். பேச்சு அதற்குப் பிறகுதான். சுவிசேஷம் எழுதிய லூக்காவைப் பவுல் வைத்தியன் என்றே குறிப்பிடுகிறார். உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள், வைத்தியரிடம் வாருங்கள்.

மூன்றாவது, பிறரின் காயத்துக்கு நாம் நாள் குறிக்கக்கூடாது. 2009இன் பின் தம் பிள்ளைகளின் படங்களைக் கையில் ஏந்தி வீதியோரங்களில் இருக்கும் தாய்மாரை நாம் எல்லோரும் அறிவோம். என்ன நடந்தது என்றுகூட அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. மன்னித்து மறந்துவிடுங்கள் என்று அவர்களிடம் சொல்ல எமக்கு வாய் வராது. பக்கத்தில் போய் இருக்கலாம், கேட்கலாம். அன்னாளுக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

எமது ஊரில் மனநல வைத்தியர்கள் "மனவடு" என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். வடு என்பது ஆறிய காயத்தின் அடையாளம். உயிர்த்தெழுந்த இயேசு தோமாவுக்குத் தம் கைகளையும் விலாவையும் காட்டினார் என்று யோவான் எழுதுகிறார். சாவை வென்ற உடம்பிலும் அந்த அடையாளங்கள் இருந்தன. காயங்கள் இல்லாததுபோல அவர் வந்து நிற்கவில்லை. ஆகவே எமது வடுக்களையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. 1995ஐ எமக்கு மறக்க முடியாது. மறக்க வேண்டும் என்று கடவுள் கேட்கவும் இல்லை. தொட்டால் தெரிகிறது. ஆனால் இப்போது சீழ் இல்லை.

இந்த நூற்றாண்டு மலர் கனடாவுக்கும் லண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகப்போகிறது. அதை வாசிக்கும் ஒவ்வொருவருக்கும், இந்த மண்டபத்தில் ஒரே வாங்கில் இருந்து, இன்று பேச்சுவார்த்தை இல்லாத ஒருத்தி இருக்கக்கூடும். உடனே ரெலிபோன் எடுக்கும்படி நாம் சொல்லவில்லை. முதலில் கடவுளிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கோபம் என்றால் கோபம் என்றே சொல்லுங்கள். சாப்பாடு இறங்கும். நித்திரை வரும். அதற்குப் பிறகு, கடிதம் எழுத வேண்டுமா என்பது உங்களுக்கே தெரியவரும்.

எமது தோழி இன்று இந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். பக்கத்துக் கதிரையில் எமக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறாள். பேச்சை முடித்துக்கொண்டு அங்கே போய் இருக்க விரும்புகிறோம்.

கடவுள் நம் கல்லூரியையும் நம் எல்லோரையும் ஆசீர்வதிப்பாராக.